நாய்க்காரி நிலத்துக்குக் கிழக்கே

பெரியப்பாவின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நான்கு வீடுகள் தெருவுக்கு வரவிருந்தது அந்த மூக்கால்தான்.

கொஞ்சம் நீளமான மூக்கு. நடுவில் ஒரு மேடு. அவ்வளவுதான். கடைத்தெருவில் பத்துப் பேரைப் பிடித்து நிறுத்தினால் மூன்று பேருக்காவது அப்படி இருக்கும். ஆனால் மலைமேல் இருந்த பங்களாவின் கூடத்தில், அந்த மலையையே ஒரு காலத்தில் வளைத்துப்போட்டுத் தோட்டம் வைத்த வெள்ளைக்காரத் துரையின் படம் ஒன்று தொங்கியது. பூஞ்சை பிடித்து ஒரு காதும் பாதித் தாடையும் போய்விட்டன. மூக்கு மட்டும் தப்பித்திருந்தது. இளவயதில் எதற்கோ அந்தக் கூடத்துக்குள் போன பெரியப்பா, படத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை.

"நம்ம உடம்புல ஓடறது துரை ரத்தம்" என்பார். சவரக்கடையில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வார், சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். உச்சி வெயிலிலும் தொப்பி, மழை நாளிலும் கோட்டு. ரொட்டியைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் வெட்டித்தான் தின்பார். பாதி ரொட்டி தரையில் விழும். பெரியம்மா அதைப் பொறுக்கிக்கொண்டே, "ரத்தம் துரையோடது, கூட்டறது மட்டும் நானு" என்று முணுமுணுப்பாள்.

ஊர் அவர் குடும்பத்தை 'நாய்வீட்டுக்காரங்க' என்று கூப்பிட்டது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பா அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். "நம்ம வீட்ல வேட்டைநாய் வளர்த்தாங்க. துரை வீட்டு நாய். அந்த மரியாதை." நாய்வீடு என்று பெயர் வாங்கியதில் மரியாதை கண்டுபிடித்த ஒரே ஆள் உலகத்தில் அவராகத்தான் இருக்கும்.

இதெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாகவே இருந்திருக்கும், ஓட்டல் கம்பெனி ஒன்று பங்களாவை வாங்காமல் இருந்திருந்தால். பங்களாவுக்கு மேற்கே சரிவில் ஒட்டினாற்போல இருந்த நான்கு வீடுகளும் இவர்களுடையவை. பெரியப்பாவின் வீடு, அவருடைய தம்பி மனைவியின் வீடு, பிறகு ஒன்றுவிட்ட சொந்தம் இரண்டு. அந்தச் சரிவில் கார் நிறுத்த இடம் கட்டப்போவதாகக் கம்பெனி சொன்னது. நில விசாரணை அதிகாரி நேரில் வந்து கேட்பார் என்று நோட்டீஸ் வந்தது. இடம் சொந்தம் என்று காட்டினால் இருக்கலாம். யாரோ இருக்கச் சொல்லி இருந்தோம் என்றால் கிளம்ப வேண்டும்; ஊருக்கு வெளியே, ஆறாவது மாடியில், ஆளுக்கு ஓர் அறை தருவார்கள்.

தம்பி மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. ஆறாவது மாடி என்றால் அவள் ஏறுவது ஒருமுறைதான், இறங்குவதும் ஒருமுறைதான். அவளுடைய மகளுக்கு அந்தக் கணக்கு நோட்டீஸைப் படித்த உடனே புரிந்துவிட்டது.

அந்த மகளை எல்லாரும் 'வில்லங்கம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை போட்டு, நிலம் வாங்குகிறவர்களுக்காகப் பழைய பத்திரங்களைத் தேடி வில்லங்கம் பார்த்துக் கொடுப்பது அவள் தொழில். கல்யாணமான வீட்டில் மாமனாரின் பொய்ப் பத்திரம் ஒன்றைப் பந்தியில் வைத்துச் சுட்டிக்காட்டிவிட்டுத் திரும்பி வந்தவள். அதனால் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தியது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை.

பெரியப்பா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கம்பெனி மேனேஜர் வந்திருந்தாரு. என்னைப் பார்த்த உடனே படத்தைப் பார்த்தாரு, படத்தைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாரு. 'சார், அப்படியே இருக்கீங்களே'ன்னாரு. அவர் சொல்லி நான் கேக்கணுமா?"

"அவர் என்ன எழுதிக் கேக்கறாரு பெரியப்பா?"

"துரையோட வாரிசு நாங்க, அவர் உயில்படிதான் இங்க இருக்கோம்னு ஒரு வரி. அவ்வளவுதான். என் போட்டோவைத் துரை படத்துக்குப் பக்கத்துல மாட்டப்போறாங்களாம். 'கடைசி வாரிசு'ன்னு பித்தளையில எழுதி. திறப்பு விழாவுல தலைவாசல்ல நாற்காலி. நீ அந்த உயிலைத் தேடி எடுத்துட்டு வா. நம்ம பரம்பரை அதுல இருக்கும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் வில்லங்கத்துக்கு ஞாபகம் வந்தது. உயில்படி இருக்கிறோம் என்றால் உயிலில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? மேனேஜர் நிச்சயம் பார்த்திருப்பான். பெரியப்பாவுக்கு மூக்கைத் தவிர வேறெதுவும் பார்க்கத் தோன்றவில்லை.

பதிவறை அலுவலகத்தின் பின்கட்டில் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல். அதையும் ஓர் இரும்பு அலமாரி பாதி மறைத்துக்கொண்டிருந்தது. ஈரக் காகித வாசனை மூக்கில் ஏறினால் சாயங்காலம்வரை இறங்காது. பதிவறைக் காப்பாளர் மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கினார். அவரை எழுப்பாமல் துணி முடிச்சுகளை அவிழ்க்க வில்லங்கம் பழகியிருந்தாள். எழுப்பினால் டீ வாங்கித் தர வேண்டும், அவர் மச்சினன் கதையும் கேட்க வேண்டும்.

முதலில் அகப்பட்டது துரைக்கு மலை கிடைத்த பட்டயம். 'ஆளற்ற தரிசுக் காடு' என்று தொடங்கியது. அதே தாளின் பின்பக்கத்தில், காட்டுக்குள் இருப்பவை என்று எழுதியிருந்தது: நடைபாதை ஒன்று, கல் கட்டிய கிணறு ஒன்று, விளைந்து நிற்கும் வயல் இரண்டு. கிணறு தானாகவே தோண்டிக்கொண்டு, தானாகவே கல்லும் கட்டிக்கொண்டதாக்கும். வயல் தன்னைத் தானே உழுதுகொண்டதாக்கும். பட்டயம் எழுதினவன் கை கூசாமல் எழுதியிருந்தான், அழகான கையெழுத்தில். வில்லங்கத்துக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. கடித்தாள்.

பிறகு உயில். மூத்த துரையின் உயில் பத்துப் பக்கம். வெள்ளிக் கரண்டிகளை யார் யார் எடுத்துக்கொள்வது என்பதற்கே ஒன்றரைப் பக்கம். துப்பாக்கி அண்ணனுக்கு, சேணம் தம்பிக்கு, பாடம் செய்த மான் தலைகள் மைத்துனனுக்கு. மைத்துனன் மேல் அப்படி என்ன கோபமோ. அந்த மலையை வெட்டித் திருத்திய நூற்றுக்கணக்கான ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. நாய்களுக்கு முழுசாக ஒரு பக்கம் இருந்தது. நான்கு நாய்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், நிறம், பிடித்த தீனி, எதற்குப் பயப்படும், எங்கே சொறிந்தால் பிடிக்கும் என்பதுவரை. பெற்ற பிள்ளையைப் பற்றி அந்த மனிதன் இவ்வளவு எழுதவில்லை. நாய்கள் உயிரோடிருக்கும்வரை தோட்டத்துக் கணக்கிலிருந்து அவற்றுக்குப் படி அளக்க வேண்டும். நாய்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் அதுவரைக்கும் மேற்குச் சரிவிலுள்ள குடிசையில் இருந்துகொள்ளலாம்.

அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை.

உயிலின் வழியில் போனால் கடைசி நாய் செத்த அன்றே குடிசைக்கும் உரிமை செத்துவிட்டது. பெரியப்பா போடத் துடித்த கையெழுத்து அதற்குத்தான். தன் கையாலேயே தன் வீட்டுக்குக் குழி தோண்டி, அதற்குப் பித்தளையில் பெயர்ப்பலகையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வில்லங்கம் அங்கே நிறுத்தவில்லை. தொழிலில் அவளுக்கு ஒரு வழி உண்டு. மருமகளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவளைக் கேட்காதே, பக்கத்து வீட்டைக் கேள் என்பார்களே, நிலத்துக்கும் அதேதான். ஒரு நிலத்துக்குப் பத்திரமே இல்லாமல் போகலாம். ஆனால் பக்கத்து நிலத்தின் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியாக வேண்டும்: இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்னார் வாய்க்காலுக்குத் தெற்கு. தன்னுடையதைப் பற்றி மனிதன் பொய் சொல்வான். அடுத்தவனுடைய எல்லையை எழுதும்போது அசதியில் உண்மை சொல்லிவிடுவான்.

அதனால் துரை வம்சத்தையே கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். மகன், அதாவது நடுத் துரை, கப்பலேறிப் போய்விட்டவன். முப்பது வருஷத்துக்குப் பிறகு அங்கிருந்தே உயில் எழுதியிருந்தான். நாடகக்காரி ஒருத்திக்கு ஒரு வீடு, பொண்டாட்டிக்கு ஒரு பைபிள். நடுவில் ஒரு பத்தி: 'என் தந்தையின் அருமை நாய்கள் நான்கும் இன்னும் நலமாக இருப்பதைத் தோட்டத்துக் கணக்கில் கண்டு மகிழ்கிறேன். அவற்றுக்குரிய படி தொடரட்டும்.'

வில்லங்கம் அதை இரண்டாம் முறை படித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். காப்பாளர் திடுக்கிட்டு எழுந்து, "யாரு, யாரு?" என்றார்.

"நாய் சார். முப்பது வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கு."

"எந்த ஊர்ல?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொண்டார்.

நாய்க்காரி என்ன செய்திருக்கிறாள் என்பது பட்டப்பகல்போல் தெரிந்தது. ஒரு நாய் செத்தால், அதே நிறத்தில் தெருவில் ஒரு குட்டியைப் பிடித்து அதே பெயரை வைத்திருக்கிறாள். அது செத்தால் இன்னொன்று. பெரிய நாய்களின் பெயரைச் சுமந்துகொண்டு சொறிநாய்கள் துரை வீட்டுப் படியைத் தின்றன. மிச்சத்தை அவளுடைய பிள்ளை தின்றிருக்கிறான். நாய் எத்தனை வருஷம் வாழும் என்றுகூடத் தெரியாத வம்சம் மலையை ஆண்டது. ஒருத்தனாவது ஏறி வந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் குட்டு உடைந்திருக்கும். வரவில்லை. தோட்டத்து வருமானத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பேரன், கடைசித் துரை. சீட்டாட்டக்காரன். மலையைத் துண்டு துண்டாக விற்றான், பார்க்காமலேயே. பங்களாவை விற்ற பத்திரத்துக்கு எல்லை எழுத உள்ளூர் அளவைக்காரன் போயிருக்கிறான். மேற்கே யாருடையது என்று கேட்டிருப்பான். அங்கே நின்றவர்கள் கூசாமல் சொல்லியிருப்பார்கள். பத்திரத்தில் இருந்தது: 'நாய்க்காரிக்குப் பாத்தியமான மனைக்குக் கிழக்கு.' கீழே கடைசித் துரையின் கையெழுத்து; மேற்குச் சரிவு அவளுக்குச் சொந்தம் என்று துரையே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதற்குப் பிறகு பங்களா மூன்று கை மாறியது. ஒவ்வொரு முறையும் பத்திரம் எழுதுகிறவன் பழைய பத்திரத்தை ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தான். கடைசியாக ஓட்டல் கம்பெனியின் பத்திரம், பளபளப்பான தாளில், கணினி எழுத்தில். அதிலும் அதே வரி.

வீட்டுவரிப் புத்தகத்தில் மிச்சம் இருந்தது. மேற்குச் சரிவு, 'நாய்க்காரி மகன்.' அவனுக்குப் பிறகு அவன் மகன். அவனுக்குப் பிறகு அவனுடைய இரண்டு மகன்கள்: பெரியப்பா, வில்லங்கத்தின் அப்பா.

அன்று சாயங்காலம் பெரியப்பா வீட்டு முன்னறையில் எல்லாரும் கூடினார்கள். வில்லங்கம் நகல்களைப் பரப்பி வைத்துச் சொன்னாள். நாய்களின் நீண்ட ஆயுளைச் சொன்னபோது பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வில்லங்கத்தின் அம்மாகூடச் சிரித்தாள், கணவனின் அண்ணன் முன்னால் அவள் சத்தமாகப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை. பெரியப்பா மட்டும் அசையாமல் இருந்தார்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் பெரியப்பா. கம்பெனியோட பத்திரமே நமக்குச் சாட்சி. நாய்க்காரியோட வாரிசுன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னா போதும். யாரும் நம்மை அசைக்க முடியாது."

"நாய்க்காரி." அந்த வார்த்தையை அவர் வாயில் விழுந்த முடியைப்போல எடுத்துப் போட்டார். "அம்பது வருஷமா துரை பேரன்னு தலைநிமிர்ந்து நடந்தவன் நானு. இப்ப ஊர் நடுவுல நின்னு, நாய்க்குக் கஞ்சி ஊத்தினவ பேரன்னு சொல்லணுமா? அதுவும் ஏமாத்துக்காரி!"

"துரை பேரன்னு எந்தத் தாள்லயும் இல்ல பெரியப்பா."

"தாள்ல எப்படிடி இருக்கும்? அதெல்லாம் எழுதற விஷயமா? மூக்குல இருக்கு!"

வில்லங்கத்துக்கு அப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. "சரி, இருக்குன்னே வச்சுக்குவோம். அவ நாய்க்குச் சோறு வைக்கப் போனவ. மாட்டேன்னு சொன்னா மறுநாள் குடிசை இருக்குமா? அப்படி நடந்திருந்தா அது அவளுக்கு நடந்த அநியாயம். அதைப் போய்ப் பித்தளையில எழுதி மாட்டணும்கறீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

பெரியப்பா எழுந்து தொப்பியை எடுத்தார், வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்.

"இந்தக் குடும்பத்துக்கு மூத்தவன் நான். விசாரணையில நான்தான் பேசுவேன். கையெழுத்தும் போடுவேன். வில்லங்கம்னு உனக்குப் பேர் வச்சவன் வாயில சர்க்கரை போடணும்."

வில்லங்கம் தனியாகப் போய்த் தன் வீட்டுக்கு மட்டும் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் வாரிசுகள் ஆளுக்கொன்று சொன்னால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகும். கோர்ட்டுக்குப் போனால் அம்மா இருக்கிற காலத்தில் தீர்ப்பு வராது. அதற்குள் கம்பெனி ஆறாவது மாடிச் சாவியைக் கையில் திணித்துவிடும். எல்லாம் அந்த மூக்குக்காரரின் வாயில் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா மெதுவாக, "படி எத்தனை இருக்கும்டி, ஆறு மாடிக்கு?" என்று கேட்டாள். வில்லங்கம் அவள் கையைப் பிடித்து அடுத்த மேட்டில் ஏற்றிவிட்டாள்.

விசாரணை பங்களா வராந்தாவிலேயே நடந்தது. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. சளி பிடித்திருந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டே கோப்பைப் புரட்டினார். மேனேஜர் தேன் ஒழுகப் பேசுகிற ஆள். துரையின் படத்தைக் கூடத்திலிருந்து எடுத்து வந்து வராந்தாச் சுவரில் மாட்டியிருந்தான். அதற்கு நேர் கீழே மெத்தை தைத்த நாற்காலி ஒன்று. அதில் பெரியப்பா, கோட்டும் தொப்பியுமாக. மற்றவர்களுக்கு ஓரத்தில் ஒரு பெஞ்சு. அம்மாவுக்கு அதிலும் பாதிதான் கிடைத்தது.

"எந்த வழியில பாத்தியம் கேக்கறீங்க? சொல்லுங்க" என்றார் அதிகாரி.

மேனேஜர் தாளை நீட்டினான். மூடியில் தங்க வளையம் போட்ட தன் பேனாவைத் திறந்து பெரியப்பாவின் விரலில் வைத்தான். "சார், இங்கதான் சார்."

வில்லங்கம் எழுந்தாள். "மேடம், கையெழுத்துக்கு முன்னாடி கம்பெனியோட பத்திரத்துல ஒரு வரி படிக்கணும். நான்கெல்லை."

படித்தாள். பழைய பத்திரத்தையும் படித்தாள். வரிப் புத்தகத்து நகலையும் கொடுத்தாள். அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தானே ஒரு தடவை படித்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

"உங்க மனை நாய்க்காரி மனைக்குக் கிழக்குன்னு நீங்களே எழுதி வாங்கியிருக்கீங்க. அப்புறம் மேற்கால இருக்கறது எப்படி உங்களுதாகும்?"

"அது பழைய வாசகம் மேடம். இவங்க துரையோட வாரிசுங்க. உயில்படி அனுமதியில இருக்கறவங்க. பெரியவரே இதோ எழுதித் தரப்போறாரு."

"ரெண்டுல எதுன்னு குடும்பத்துல மூத்தவர் சொல்லணும். நாய்க்காரிக்கு வாரிசு யாராவது இருக்கீங்களா?"

ஒன்றுவிட்ட சொந்தங்கள் இரண்டும் செருப்பைப் பார்த்தன. வீடு போகிறது என்று தெரியும்; ஆனாலும் அந்த வார்த்தைக்கு 'நான்' என்று முதலில் கை தூக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வில்லங்கம் பெரியப்பாவையே பார்த்தாள். அவர் பேனா பிடித்த கை தாளுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது.

"நான்தாங்க" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியம்மா.

"நீங்க என்ன உறவும்மா?"

"மருமக. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்லேருந்து நாய்க்குச் சோறு போடறது நான்தாங்க." பெரியம்மா தொப்பிக்காரரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "மரியாதையா வாலாட்டினதே இல்ல."

பெஞ்சு குலுங்கியது. அதிகாரி கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு இருமினார். அது சளி இருமல் இல்லை. "மருமக சொன்னா செல்லாதும்மா" என்றார், குரலைச் சரிசெய்துகொண்டு.

பெரியப்பாவின் முகம் செங்கல்லானது. அவர் பேனாவை இறக்கியிருப்பார். பெண்டாட்டி மேலிருந்த ஆத்திரத்துக்காகவே இறக்கியிருப்பார். மேனேஜர் பொறுமையாக இருந்திருந்தால் சரிவு அவனுக்கு. சிரிப்புச் சத்தம் அவனைப் பதற வைத்துவிட்டது. குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற குசுகுசுப்பில் சொன்னான்:

"சீக்கிரம் போடுங்க பெரியவரே. துரை வாரிசுங்கறதுனாலதான் உங்களைக் கூப்பிட்டு நாற்காலியில உக்கார வச்சோம். நாய்க்காரி பேரன்னா அந்த பெஞ்சுக்குப் போயிடுங்க. அப்புறம் உங்க போட்டோவை நாங்க எங்க மாட்டறது, பின்கட்டுலயா?"

'சார்' போய்ப் 'பெரியவரே' ஆனதை வில்லங்கம் கவனித்தாள். பெரியப்பா அதைவிட நன்றாகக் கவனித்திருந்தார். எழுபது வருஷமாக ஒரே தொழில் அவருக்கு: யார் தனக்கு எவ்வளவு மரியாதை தருகிறார்கள் என்று எடைபோடுவது. அந்தத் தராசு ஒருநாளும் பிசகியதில்லை.

அவர் நிதானமாக எழுந்தார். தொப்பியைக் கழற்றி மெத்தை நாற்காலியில் வைத்தார்.

"யாரை பெஞ்சுக்குப் போகச் சொல்ற?"

"இல்ல, நான் என்ன சொன்னேன்னா..."

"நீ சொன்னது கேட்டுச்சு. இப்ப நான் சொல்றதைக் கேளு. இந்த வராந்தா எங்க இருக்கு? நாய்க்காரி நிலத்துக்குக் கிழக்க இருக்கு. உன் பத்திரத்துல எழுதியிருக்கு, படிச்சியா? படிக்கத் தெரியுமா? எங்க பாட்டனைப் பெத்தவடா அவ! இதோ தொங்கறாரே, காது போன துரை, இவரையும் இவர் பிள்ளையையும் முப்பது வருஷம் தெருநாய்க்குப் படியளக்க வச்சவ! கப்பல்ல உக்காந்துகிட்டு நாய் நல்லா இருக்குதான்னு கேட்டானே, அவன் அறிவாளியா, அவ அறிவாளியா? எங்க வீட்ல யாருக்காவது மூளைன்னு ஒண்ணு இருந்தா அது அவகிட்டேருந்து வந்தது. உன் கார் என் கிழக்கு எல்லையில ஒரு சக்கரம் வச்சுதுன்னா தெரியும் சேதி!"

முந்தாநாள் 'ஏமாத்துக்காரி' என்றவரும் இதே மனிதர்தான். வெட்கம் மருந்துக்குக்கூட இல்லை. துரைக்காக நிமிர்ந்த அதே நெஞ்சு அதே அளவுக்கு நாய்க்காரிக்காக நிமிர்ந்தது. வில்லங்கத்துக்கு அவரை அறையவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது. பக்கத்தில் அம்மா தன் முழங்காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அப்ப நாய்க்காரி வாரிசுன்னு எழுதிக்கலாமா?" என்றார் அதிகாரி.

"தாராளமா எழுதுங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க."

அதிகாரி ஒரு படிவத்தை அவர் பக்கம் தள்ளினார். "உங்க கையாலயே நிரப்புங்க. மூதாதை பேரு, உங்களுக்கு என்ன உறவு, கீழ கையெழுத்து."

பெரியப்பா நின்றபடியே குனிந்தார். பேனா முதல் கட்டத்தில் போய் நின்றது. திரும்பி வில்லங்கத்தைப் பார்த்தார்.

"அவ பேரு என்னம்மா?"

டி போட்டுத்தான் பேசுவார் அவர். அம்மா என்று அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"இல்ல பெரியப்பா."

"இல்லன்னா?"

"எங்கயும் இல்ல. உயில்ல இல்ல, பத்திரத்துல இல்ல, வரிப் புத்தகத்துல இல்ல. எல்லாத்தையும் பார்த்துட்டேன். நாய்ங்களுக்கு இருக்கு. நாலுக்கும் இருக்கு. அவளுக்கு இல்ல."

பெரியப்பா சுவரிலிருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார். முன்பு பார்த்த மாதிரி இல்லை. வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவனைப் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு குனிந்து, தன் பெயரை எழுதும்போது மட்டும் போடுகிற சுழிகளையெல்லாம் போட்டு, முதல் கட்டத்தில் 'நாய்க்காரி' என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் 'என் கொள்ளுப்பாட்டி' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். மேனேஜர் பேனாவுக்குக் கை நீட்டினான். பெரியப்பா மூடியைத் திருகி, அதைத் தன் கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு பெஞ்சில் பெரியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.